ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி?

கேள்வி:

டாக்டரம்மா, எங்களுக்குப் புளியங்குடி. நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் எலுமிச்சை கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறார். எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு, பயாலஜி குரூப். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று எட்டாம் வகுப்பு வரை அரசு உதவிபெறும் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளி. இளையவள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான்.

என் மாமியார் வெற்றிலையோடு புகையிலை போடுவார்கள். கன்னத்துக்கு உள்பக்கம் ஒரு புண் வந்து ஆறாமலே கிடந்தது. சூட்டுப் புண் என்று மோரும் மணத்தக்காளியும் கொடுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனபோது முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனதிலிருந்து மூத்தவள், "பல் டாக்டருக்குத்தான் படிப்பேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதத்தில் அவளுக்கு இடம் கிடைக்குமா? கிடைத்தால் எங்கள் கையிலிருந்து எவ்வளவு ஆகும்? தென்காசிப் பக்கம் கல்லூரி வரப்போகிறது, ஒரு வருஷம் பொறுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பொறுக்கலாமா? நீட் இல்லாமலே இடம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டுப் போனார். படித்து முடித்தால் வேலை இருக்கிறதா? தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, புளியங்குடி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள். அதனால் கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூத்த மகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்காது. இளையவளுக்கு உண்டு.

2020-இல் வந்த சட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. ஒரே ஒரு விலக்குதான் வைத்திருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் இலவச இடம் பெற்றுத் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அரசு உதவிபெறும் பள்ளி அந்தக் கணக்கில் வராது. ஆறு, ஏழு, எட்டு என்று அவள் அங்கே படித்த மூன்று ஆண்டுகள் குறுக்கே நிற்கின்றன. தலைமையாசிரியரிடம் கேட்டாலும் கல்வி அலுவலகத்தில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். யாராவது "சான்றிதழை மாற்றி வாங்கிவிடலாம்" என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள். கவுன்சலிங்கில் சான்றிதழ் சரிபார்க்கும்போது பிடிபட்டால் அவளுடைய எதிர்காலமே கெட்டுவிடும்.

இந்தச் சட்டத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். 2017-இல் நீட் நடைமுறைக்கு வந்த பிறகு மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. 2019-இல் மாநிலம் முழுவதிலும் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் ஆறே பேர். நீதிபதி கலையரசன் ஆணையம் அறிக்கை கொடுத்து, சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே 313 எம்.பி.பி.எஸ். இடங்களும் 92 பி.டி.எஸ். இடங்களும் அவர்களுக்கென்று ஒதுங்கின. செங்கல் சூளையிலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டது அதனால்தான். அதற்கு முன்பும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கிராமப்புற மாணவர்களுக்கு 15 சதவீதம் ஒதுக்கினார்கள். பிறகு அதை 25 ஆக உயர்த்தினார்கள். நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 7.5 சதவீதமோ 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நின்றுவிட்டது. இருபது ஆண்டு அலைந்து கிடைத்த கதவு இது.

ஆனால் அந்தக் கதவின் அகலம் போதாது என்பதே என் எண்ணம். தென்மாவட்டங்களின் பள்ளி வரலாறு தெரிந்த யாருக்கும் இது புரியும். திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகளும் ஊர்ப் பெரியவர்கள் தொடங்கிய பள்ளிகளும் அரசுப் பள்ளிக்கு முன்பே வந்துவிட்டன. பல தெருக்களுக்கு இன்றும் பக்கத்துப் பள்ளி அதுதான். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, மதியச் சோறும் அரசு போடுகிறது. அங்கே படிக்கும் பீடித் தொழிலாளி மகளுக்கும் அரசுப் பள்ளியில் படிக்கும் பீடித் தொழிலாளி மகளுக்கும் என்ன வித்தியாசம்? உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு என்றுதான் தொடங்கியது. 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அதை விரித்தார்கள். காலை உணவுத் திட்டமும் அந்தப் பள்ளிகளுக்குப் போய்விட்டது. வறுமையை அளக்க அங்கே பயன்பட்ட கோல் மருத்துவ இடத்துக்கு மட்டும் ஏன் உதவாது? நகரத்துப் பெரிய உதவிபெறும் பள்ளிகள் இடத்தை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் தமிழ் வழி, கிராமம், சிறு நகராட்சி என்று வரம்பு வைக்கலாமே. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கும் வாய்ப்பு வந்தால் இதைக் கேளுங்கள். கல்லூரி கட்டித் தரக் கேட்பதைவிட இது சீக்கிரம் நடக்கக்கூடிய காரியம்.

சரி, மூத்தவளுக்கு என்ன வழி? பொதுக் கவுன்சலிங்கில் உங்கள் சாதிப் பிரிவுக்குரிய இட ஒதுக்கீட்டில் அவள் போட்டியிடலாம். நீட் கட்டாயம் எழுத வேண்டும், தமிழிலேயே எழுதலாம். பி.டி.எஸ். கட்ஆஃப் எம்.பி.பி.எஸ். அளவுக்கு ஏறுவதில்லை. அரசுக் கல்லூரி கிடைத்தால் கட்டணம் உங்களால் சமாளிக்கக்கூடியது. சுயநிதிக் கல்லூரி என்றால் அரசு ஒதுக்கீட்டு இடமாக இருந்தாலும் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் போகும். நீங்கள் பட்டியல் இனத்தவர் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அதில் பெரும் பங்கைத் தாங்கும். மற்றவர்களுக்கு, வீட்டில் முதல் பட்டதாரி என்ற சலுகை உண்டு, ஆனால் அது முழுத் தொகையையும் ஈடுகட்டாது. அதனால் அவளுக்கு நான் சொல்வது: அரசுக் கல்லூரி இடம் ஒன்றையே குறிவைக்கட்டும். கிடைக்காவிட்டால் ஒரு முறை மறுபடி எழுதட்டும். அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் கோச்சிங் என்று பிள்ளையை அறைக்குள் அடைத்து வைக்க வேண்டாம். வேறு வழியும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இளையவள் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்ததும் நாமக்கல் பக்கத்துப் பள்ளி, ராஜபாளையத்துப் பள்ளி என்று ஆள் வந்து கூப்பிடுவார்கள், ஃபீஸ் வேண்டாம் என்றுகூடச் சொல்வார்கள். போனால் ஒதுக்கீடு போய்விடும். பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் அவள் அரசுப் பள்ளியிலேயே முடிக்க வேண்டும்.

இனி பணத்தைப் பற்றி. 7.5 சதவீதத்தில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும்கூட. இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. பல் மருத்துவம் கையால் செய்யும் படிப்பு, அதற்கான சாமான்களை மாணவர்தான் வாங்க வேண்டும்.

முதல் ஆண்டிலேயே ஒரு மெழுகுக் கட்டியைக் கையில் கொடுப்பார்கள். அதிலிருந்து ஒரு பல்லைச் செதுக்கி எடுக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் வருவது மேல்தாடை நடு வெட்டுப்பல். உண்மைப் பல்லில் ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியின் நீளம் சுமார் பத்தரை மில்லிமீட்டர், அகலம் எட்டரை. அந்த விகிதத்தில், வெட்டு முனை லேசாகச் சாய்ந்து, பின்பக்கம் குழிந்து, வேர் ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்து வர வேண்டும். கவராயம் வைத்து அளந்து பார்த்துவிட்டு ஆசிரியர் மேசையில் வைப்பார். சரியில்லை என்றால் புதுக் கட்டி எடுக்க வேண்டும். நகரத்துப் பெரிய பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் திணறுவதையும், பத்து வயதிலிருந்தே பாய் பின்னி, பூக் கட்டி, பீடி இலை வெட்டிப் பழகிய பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வதையும் கற்பித்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள்களின் விரல்கள் அவர்களுக்குச் சொத்து. அதை அவர்களிடம் சொல்லுங்கள்.

மெழுகுக் கத்தி, செதுக்கு கருவிகள், பிளாஸ்டர் கலக்கும் கிண்ணம், பல் செட்டு வைத்துப் பழகும் ஆர்ட்டிகுலேட்டர், மைக்ரோமோட்டர், பிறகு ஏரோட்டர் கைப்பிடி என்று ஆண்டுக்கு ஆண்டு பட்டியல் நீளும். இரண்டாம் ஆண்டில் சொத்தை அடைத்துப் பழகப் பிடுங்கிய உண்மைப் பற்கள் வேண்டும். பிள்ளைகள் கிளினிக் கிளினிக்காகப் போய்ப் பாட்டிலை நீட்டிக் கேட்டு வாங்கி வருவார்கள். ஊரில் தெரிந்த பல் டாக்டர் இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு போன்கால். இல்லாத பிள்ளை வெயிலில் அலையும். இந்தச் செலவையும் அலைச்சலையும் எந்தக் கட்டண விலக்கும் தொடுவதில்லை. முதல் தலைமுறைப் பிள்ளை இரண்டாம் ஆண்டில் தோழியிடம் கருவி கடன் கேட்டு நிற்பதும், கூச்சத்தில் கேட்காமலே செய்முறை வகுப்பில் பின்தங்குவதும் எனக்குத் தெரிந்து நடக்கிறது. எத்தனை இடம் ஒதுக்கினோம் என்று கணக்கு காட்டும் அரசு, ஒதுக்கீட்டில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே ஒரு கருவிப் பெட்டி கொடுத்தால் என்ன? பள்ளியில் சைக்கிளும் பையும் கொடுக்கிற மாநிலம் இது. அதுவரை, சீனியர்களிடம் பழைய கருவி பாதி விலைக்குக் கிடைக்கும், சேர்ந்த முதல் வாரமே அவள் விசாரிக்கட்டும். புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயை வேறெதற்கும் எடுக்காமல் இதற்கென்று வையுங்கள்.

அடுத்தது ஆங்கிலம். நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். முதல் ஆண்டு உடற்கூறியலில் நரம்பு, தசை, எலும்பு என்று வரும் பெயர்கள் பாதி லத்தீன். அங்கே சென்னைப் பிள்ளைக்கும் அது புதுசுதான், நம் பிள்ளைக்கும் புதுசுதான். சிக்கல் வருவது வாய்மொழித் தேர்வில். எழுதத் தெரிந்ததைச் சொல்ல வாய் வராது. நீட் முடிந்து கல்லூரி திறக்கும்வரை இடையில் கிடைக்கும் வாரங்களில் தினமும் கொஞ்ச நேரம் பயாலஜிப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பைச் சத்தம் போட்டுப் படிக்கட்டும். அர்த்தம் ஏற்கெனவே தெரிந்த பாடம் என்பதால் மொழி மட்டும் வசப்படும்.

தென்காசிக்குக் கல்லூரி வரும், பொறுங்கள் என்றவர்களின் பேச்சை நம்பி ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் ரஃபியுத்தீன் அகமது என்ற மருத்துவர் தொடங்கினார். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி வர 1953 ஆயிற்று. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அரசே கட்டித் திறந்த அடுத்த பல் மருத்துவக் கல்லூரி எது தெரியுமா? 2023-இல் புதுக்கோட்டை. இடையில் எழுபது ஆண்டு. சிதம்பரத்தில் இருப்பது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1980-இல் ஆரம்பித்தது, பின்னர்தான் அரசு கைக்கு வந்தது. சென்னையில் 100, சிதம்பரத்தில் 100, புதுக்கோட்டையில் 50, ஆக 250 இடம். அதிலும் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். அந்த எழுபது ஆண்டில் தனியார் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. நாடு முழுவதும் இன்று 300-க்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள், பெரும்பாலும் தனியாருடையவை. காசு எங்கே இருக்கிறதோ அங்கே கல்லூரி வந்தது. உங்கள் ஊரில் ரயில் நிலையம்கூட இல்லை. சங்கரன்கோவிலுக்குப் போய்ப் பொதிகை பிடித்துத்தான் உங்கள் மகள் சென்னைக்குப் படிக்கப் போக வேண்டியிருக்கும்.

கல்லூரி வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் தென்காசிக்கு முன்னால் திருநெல்வேலிக்கு வர வேண்டும் என்பேன். 1965-இலிருந்து அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பல மாவட்டத்து நோயாளிகள் தினமும் வந்து இறங்குகிறார்கள். பல் மருத்துவ மாணவர் தம் கையால் இத்தனை பல் எடுத்தேன், இத்தனை அடைத்தேன், இத்தனை பல் செட்டு கட்டினேன் என்று கணக்குக் காட்டித்தான் தேர்வுக்கே போக முடியும். நோயாளி வராத கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் கூலிக்கு ஆள் கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்த கதைகள் நாட்டில் உண்டு. அப்படி ஒரு கட்டடம் நம் மாவட்டத்துக்கு வேண்டாம்.

கல்லூரிக்குக் காத்திராமல் நாளைக்கே செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. பயிற்சி ஆண்டில் சமூகப் பல் மருத்துவத்துக்கும் கிராமப் பணிக்கும் மூன்று மாதம் ஒதுக்கியிருக்கிறார்கள். நடைமுறையில் அது பெரும்பாலும் முகாமாகப் போய்விடுகிறது. ஒரு பள்ளியில் பந்தல், வரிசையில் வாய் திறந்து காட்டும் பிள்ளைகள், "கல்லூரிக்கு வரவும்" என்று ஒரு சீட்டு, மாலையில் வண்டி கிளம்பிவிடும். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி எந்தத் தாய் போவாள்? அதற்குப் பதில் அந்த மூன்று மாதமும் பயிற்சி மருத்துவர்கள் புளியங்குடி, சிவகிரி, சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலேயே தங்கி, ஒரு மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். இன்று பிடுங்கியவரை அடுத்த வாரம் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளைப் பருவத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். பீடி சுற்றும் பெண்கள் கூடும் இடத்துக்கே போய் வாயைப் பார்க்கலாம்.

உங்கள் மாமியார் விஷயத்தில் நடந்ததை வாசித்துவிட்டு மனம் ஆறவில்லை. குற்றம் உங்களுடையது அல்ல. பார்த்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லாததுதான் காரணம். வாயில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், அது வலித்தாலும் வலிக்காவிட்டாலும், பல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பாக்கு போடுகிறவர்களுக்கு வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் இறுகும் நோயும் உண்டு, அது புற்றுநோய்க்கு முன்வாசல். தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும். எலுமிச்சை ஊர் என்பதால் இன்னொன்று: உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் பல் வெளுக்கும் என்பதை நம்பாதீர்கள். எலுமிச்சைச் சாறு பல்லின் மேல்பூச்சையே கரைக்கும், கரைந்த எனாமல் திரும்ப முளைக்காது. இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல ஊரிலேயே ஒருத்தி வேண்டும். உங்கள் மகளின் பிடிவாதத்தை நான் மதிப்பது அதனால்தான்.

ஊர்ப் பிள்ளையே படித்தால்தான் ஊருக்குத் திரும்புவாள் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. கிராமங்களில் மருத்துவர் தங்க வேண்டுமானால் கிராமத்துப் பிள்ளைகளைச் சேருங்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2010-இலும் 2021-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் முதன்மையான பரிந்துரைகளில் ஒன்று. இலங்கையில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடு தழுவிய தகுதிக்கும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று நெடுங்காலம் பிரித்தார்கள். அந்த முறையின் வரலாற்றில் தமிழருக்கு ஆறாத காயமும் உண்டு. ஆனாலும் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் ஒரு பிள்ளை பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்குள் நுழைய மாவட்டப் பங்கு வழிவிட்டது. நம்மிடம் சாதிவாரி ஒதுக்கீடு உண்டு, அரசுப் பள்ளி ஒதுக்கீடு உண்டு, மாவட்டம் என்ற கணக்கு மட்டும் இல்லை.

அலாஸ்காவில் இன்னும் துணிந்தார்கள். பனி மூடிய, சாலையே இல்லாத பழங்குடி ஊர்களுக்கு எந்தப் பல் மருத்துவரும் போகவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்து நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். 1921-இலேயே பள்ளிப் பல் செவிலியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய நாடு அது. இரண்டு ஆண்டுப் பயிற்சி முடித்து வந்து, சொத்தை அடைப்பது, சாதாரணப் பல்லை எடுப்பது, பிள்ளைகளுக்குத் தடுப்புச் சிகிச்சை கொடுப்பது என்று தம் ஊரிலேயே வேலை செய்தார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டது. 2007-இல் நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளின் பக்கம் நின்றது. நம் நாட்டில் இப்படி ஒரு பணிநிலைக்குச் சட்டத்தில் இடமில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பல் மருத்துவருக்கு அடுத்தபடியாகப் பல் சுகாதாரப் பணியாளரையும் பல் தொழில்நுட்பரையும் மட்டும் சொன்னது. அந்தச் சட்டத்தை மாற்றி 2023-இல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் கொண்டுவந்தபோதாவது இதை யோசித்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

வேலை கிடைக்குமா? அரசுப் பணி மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வரும். பல் மருத்துவர் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் அடிக்கடி வராது. தனியார் கிளினிக்கில் ஆரம்பச் சம்பளம் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஐந்து ஆண்டு படித்தவருக்கு இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். நகரத்தில் தெருவுக்கு இரண்டு பல் கிளினிக், நம் பக்கத்துக் கிராமங்களில் ஒன்றுமில்லை. இரண்டு மூன்று ஆண்டு ஒரு நல்ல மருத்துவரிடம் வேலை பார்த்துக் கை பழகிவிட்டு, புளியங்குடி மாதிரி ஊரில் ஒரு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே, கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்று சிறிதாகத் தொடங்கினால் வாடகை குறைவு, ஜனம் உண்டு. அதற்கும் சில லட்சம் முதல் வேண்டும். சொந்த மாவட்டத்தில் கிளினிக் தொடங்கும் முதல் தலைமுறை மருத்துவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க வேண்டும், அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பல் மருத்துவர் பணியிடத்தைக் காலியில்லாமல் நிரப்ப வேண்டும். படிக்க இடம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார இடம் கொடுக்காவிட்டால் உங்கள் மகளும் சென்னைக்கோ வளைகுடாவுக்கோதான் போவாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தவரைத் திரும்ப வாசலில் ஏற்றாதீர்கள். பி.டி.எஸ். படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீடானாலும் நீட் தேர்ச்சி இல்லாமல் ஒரு இடம்கூடக் கிடையாது. நன்கொடை வாங்குவது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். முன்பணம் என்று ஒரு ரூபாய் கொடுத்தாலும் அது போனது போனதுதான்.

வேறு வழியும் இருக்கிறது என்று முன்னால் சொன்னேன், அது நீட் இல்லாத நேர்வழி. பல் தொழில்நுட்பர், பல் சுகாதாரப் பணியாளர் என்ற இரண்டு ஆண்டு டிப்ளமோக்கள் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இருக்கின்றன. அறிவியல் பாடங்களோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை. தொழில்நுட்பர் செய்வது பல் செட்டு, கேப், பிரிட்ஜ் எல்லாம். இப்போது லேபுகளில் கணினியில் வடிவமைத்து இயந்திரத்தில் கடைந்தெடுக்கிறார்கள், கை நேர்த்தியும் கணினிப் பழக்கமும் உள்ளவர்களுக்கு மதுரையிலும் கொச்சியிலும் வேலை இருக்கிறது. சுகாதாரப் பணியாளர் பல் சுத்தம் செய்வது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று மருத்துவரோடு சேர்ந்து வேலை பார்ப்பார். டாக்டர் பட்டம் இதில் கிடையாது. அதை மகளிடம் உடைத்துச் சொல்லிவிட்டு முடிவை அவளிடம் விடுங்கள்.

மூத்தவள் நீட்டையும் எழுதட்டும், முடிவு வந்ததும் இந்த டிப்ளமோவுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கட்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வையுங்கள். ஜூன் மாதத்தில் கூட்டம் நெரியும். விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் நிரப்பக் கொடுத்தால், எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்ற பகுதியை அவள் தன் கண்ணால் வாசித்துப் பார்த்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். உதவிபெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று அவர்கள் அவசரத்தில் தட்டிவிடுவார்கள், பிறகு சரிபார்ப்பில் வந்து நிற்பது உங்கள் பிள்ளைதான்.